ஸ்பிட்ஃபயர் நெஜமாவே அவ்ளோ தாழ்வா பறந்துச்சா, இல்ல போட்டோ ஏமாத்துதா?

பழைய_றெக்கை:
ரொம்ப நாளா மண்டைய குடையுற விஷயம். ஏர்ஷோவுல எடுத்த ஒரு ஸ்பிட்ஃபயர் (ரெண்டாம் உலகப்போர் காலத்து பிரிட்டிஷ் போர் விமானம்) போட்டோ பிரின்ட் போட்டு வச்சிருக்கேன், விமானம் நேரா கேமராவ பாத்து வருது, பக்கத்துல ஒரு ஹேங்கர் (விமானம் நிறுத்துற கொட்டகை), விமானம் அதோட கூரைய விட கீழ இருக்கு, முன்னாடி ஒருத்தர் நின்னு பாத்துட்டு இருக்காரு. பாத்தாலே பகீர்னு இருக்கும். ஆனா அன்னிக்கு அங்க இருந்தவங்க எல்லாம் அவ்ளோ தாழ்வா வரவே இல்லன்னு சொல்றாங்க. போட்டோவ மட்டும் வச்சு உயரம் சொல்ல முடியுமா? எடுத்தது 300 எம்எம் லென்ஸ்ல.

தூரப்பார்வை:
மொதல்ல ஹேங்கர் விமானத்துக்கு முன்னாடி இருக்கா பின்னாடி இருக்கான்னு பாருங்க, விஷயமே அதுலதான் இருக்கு. ஹேங்கர் 10 மீட்டர் உயரம், உங்க கேமராவுல இருந்து 150 மீட்டர்ல இருக்குன்னு வச்சுக்கோங்க, விமானம் 600 மீட்டர் தள்ளி 30 மீட்டர் உயரத்துல, அதாவது கிட்டத்தட்ட 100 அடியில வருதுன்னா, தரையில நின்னு பாக்குறவனுக்கு ஹேங்கர் கூரை சுமார் 3.2 டிகிரி மேல தெரியும், விமானம் 2.7 டிகிரிதான், அப்போ ஹேங்கர விட மூணு மடங்கு உயரத்துல பறக்குற விமானம் படத்துல கூரைக்கு கீழ வந்து நிக்கும். இதுல லென்ஸ் மேல தப்பு இல்ல, எல்லாரும் உங்களோடது மாதிரி தூரத்துல இருக்குறத பெருசா காட்டுற டெலி லென்ஸ்தான் இடைவெளிய நசுக்குதுன்னு சொல்லுவாங்க, ஆனா அதே எடத்துல நின்னு சாதா லென்ஸ்ல எடுத்து க்ராப் பண்ணாலும் இதே படம்தான் வரும். நீங்க எவ்ளோ தூரத்துல நின்னீங்கங்கிறதுதான் கணக்கு.

இன்னொண்ணு, ஸ்பிட்ஃபயரோட றெக்கை முனைக்கு முனை 11.23 மீட்டர் (முனை வெட்டுன மாடல்னா கம்மி). நேர்ல வர்ற படம்ங்கிறதால அதையே ஸ்கேலா வச்சுக்கலாம். முன்னாடி நிக்குற ஆள் உயரமும் றெக்கை அகலமும் படத்துல சமமா இருந்தா, ஆள் இருக்குற தூரத்த விட விமானம் ஆறரை மடங்கு தள்ளி இருக்குன்னு அர்த்தம். அளந்து பாருங்க ப்ரோ.

மலைமேல்_கேமரா:
மேல சொன்னதுக்கு மறுபக்கமும் இருக்கு. மரம் விமானத்துக்கு *பின்னாடி* இருந்து, அதோட உச்சி விமானத்துக்கு மேல தெரிஞ்சு, தரை சமமா, கேமராவும் தரை மட்டத்துல இருந்தா, விமானம் அந்த மரத்த விட தாழ்வாதான் பறக்குது, இதுல சந்தேகமே வேணாம். ஆனா பின்னாடி மலை இருந்தா இந்த கணக்கு செல்லாது. வேல்ஸ்ல மாக் லூப்னு ஒரு எடம், போட்டோ எடுக்குறவங்க மலைச்சரிவுல ஏறி நிப்பாங்க, ஜெட் அவங்களுக்கு கீழ பள்ளத்தாக்குல போகும், படத்துல வானமே இருக்காது, புல்லுல ஒரசிட்டு போற மாதிரி இருக்கும். நெஜத்துல அதுக்கு கீழ ஒரு பள்ளத்தாக்கே கெடக்கு.

பழைய_காக்பிட்:
எல்லா படமும் ஏமாத்துதுன்னு முடிவு பண்ணிடாதீங்க, அது அந்த பைலட்டுங்களுக்கு பண்ற அநியாயம். 1988ல ஒரு டிவி தொடருக்காக ரே ஹன்னாங்கிற பைலட் எம்ஹெச்434ங்கிற நம்பர் உள்ள ஸ்பிட்ஃபயர இங்கிலாந்துல டீஸ் ஆத்து மேல இருக்குற வின்ஸ்டன் பாலத்துக்கு அடியிலயே ஓட்டிட்டு போனாரு. பாலத்து வளைவுக்குள்ள விமானம் நொழையுறது தெரியுது, அதுல எந்த லென்ஸ் வித்தையும் இல்ல.

அதோட, உயரம் கணிக்கிறது கேமராவுக்கு மட்டும் கஷ்டம் இல்ல. 1943 மே மாசம் ஜெர்மன் அணைகள ஒடைக்கப் போன பிரிட்டிஷ் விமானப்படையோட 617 ஸ்குவாட்ரன் லேன்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்க ராத்திரியில தண்ணிக்கு மேல 60 அடியில பறக்கணும். அந்த உயரத்துக்கு ஆல்டிமீட்டர (உயரம் காட்டுற கருவி) நம்ப முடியாது, கண்ணயும் நம்ப முடியாது. அதனால விமானத்துக்கு அடியில ரெண்டு லைட்ட சாய்ச்சு மாட்டுனாங்க, ரெண்டு வெளிச்ச வட்டமும் தண்ணியில ஒண்ணோட ஒண்ணு சேந்தா 60 அடி. நேவிகேட்டர் பக்கவாட்டு ஜன்னல் வழியா அதையே பாத்துகிட்டு மேல, கீழன்னு சொல்லிட்டே வருவாரு.

பழைய_றெக்கை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஸ்கேல் வச்சு அளந்தேன், ஆள் 14 மில்லிமீட்டர், றெக்கை முனைக்கு முனை 14க்கு ஒரு நூல் கம்மி. எடுத்தவர்ட்ட போன்ல கேட்டேன், அந்த ஆள் தனக்கு 90 மீட்டர் முன்னாடி நின்னாராம், அப்போ விமானம் 600 மீட்டர்கிட்ட வருது. ஹேங்கர் எவ்ளோ தூரம்னு அவருக்கு ஞாபகம் இல்ல, ஆனா விமானத்துக்கு ரொம்ப முன்னாடிதான் இருந்துச்சாம். பிரின்ட்டுக்கு பின்னாடி "கூரைக்கு கீழ ஸ்பிட்ஃபயர்"னு எழுதியிருந்தேன், இப்போ அத அடிச்சிட்டு ரெண்டு தூரத்தையும் எழுதி வச்சிருக்கேன்.