பெண்கள் வரலாற்று நூலகத்தில் சனிக்கிழமைத் தொண்டு: ஒன்றும் தெரியாதவள் எங்கே தொடங்குவது?

சாட்ஸ்வொர்த்_பேத்தி

எல்லாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கணக்கியல் படிக்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு சமூகக் கூடத்தின் பின்னறையில் பெண்கள் வரலாற்றுக்கென்றே ஒரு சின்ன நூலகம் நடக்கிறது. சம்பளத்துக்கு யாரும் இல்லை, எல்லாம் தொண்டர்கள்தான். சனிக்கிழமை காலையில் நானும் வருகிறேன் என்று பெயர் கொடுத்துவிட்டேன்.

போனால் புத்தகம் அடுக்கச் சொல்வார்கள், தூசி தட்டச் சொல்வார்கள் என்று நினைத்தேன். அங்கே பாதி அலமாரியில்தான் புத்தகம். மீதி முழுக்க அட்டைப்பெட்டி. ஆயா (பாட்டி) இறந்த பிறகு வீட்டைக் காலி செய்தவர்கள், தூக்கிப் போட மனசு வராமல் கொண்டுவந்து வைத்தது. கல்யாணப் பத்திரிகை, கருமாதிக் கார்டு, கோயில் மாதர் குழுவின் கணக்கு, தையல் ஃபேக்டரி யூனியன் கார்டு, பெயர் எழுதாத போட்டோக்கள்.

பொறுப்பாக இருக்கும் அக்கா மூன்று வேலை சொன்னார்: வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களைக் கவனிப்பது, பெட்டியைப் பிரித்துப் பட்டியல் போடுவது, வயதானவர்களோடு பேசிப் பதிவு செய்வது. எனக்கு நூலகப் படிப்பு கிடையாது. தமிழும் சனிக்கிழமைப் பள்ளித் தமிழ்தான். அச்செழுத்து ஓடும், கையெழுத்து என்றால் தடுமாறுவேன். முதல் பெட்டியில் மேலாக ஒரு நோட்டு இருந்தது. பக்கம் பக்கமாகப் பெயரும் எண்ணும் மட்டும். தேதி இல்லை, தலைப்பு இல்லை. இதையெல்லாம் வைத்து என்ன செய்வது?

என் ஆயாவிடம் சொன்னால், "பொம்பளைங்க அடுப்படிக் கதையில என்ன சரித்திரம் இருக்கு?" என்கிறார். இந்த மூன்றில் உருப்படியான வேலை எது? இன்னொன்று, என் தம்பியும் வருகிறேன் என்கிறான். பெண்கள் நூலகத்துக்கு அவன் வரலாமா?

மெரீபேங்க்_ஆண்ட்டி

மகளே, வாசலைப் பார்த்துக்கொள்ள யாராவது வருவார்கள். நீ பெட்டியை எடு. பெட்டியோடு ஒரு வயதான அம்மாவையும் பிடி. இரண்டையும் தனித்தனி வேலையாகப் பிரித்திருப்பதே எனக்குச் சரியாகப் படவில்லை.

நான் பொது நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். புத்தகம் காத்திருக்கும். போட்டோவில் இருப்பவர்கள் யார் என்று சொல்லக்கூடிய கடைசி ஆள் காத்திருக்க மாட்டார். அவர் போய்விட்டால் அந்தப் படத்தில் மிஞ்சுவது சேலையும் நாற்காலியும்தான். அதனால் முதல் வேலை பெயர். அப்புறம்தான் பட்டியல், எண், கணினி எல்லாம்.

பெயரையே ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்றால், 1913-ஐ எடுத்துக்கொள். கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கல்யாணம் செல்லாது என்று நீதிபதி சேர்ல் தீர்ப்புச் சொன்ன வருஷம். ஒப்பந்தம் முடிந்த கூலிகளுக்குப் போட்ட மூன்று பவுன் வரி வேறு தலைமேல். டிரான்ஸ்வால் மாகாணத்திலிருந்து பதினொரு பெண்கள் அனுமதியில்லாமல் நம் நேட்டால் மாகாணத்துக்குள் வந்து, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் பேசி வேலைநிறுத்தத்தைத் தொடங்கி வைத்தார்கள். ஆறு பேர் இடுப்பில் கைக்குழந்தை. மூன்று மாதக் கடுங்காவல், மாரிட்ஸ்பர்க் ஜெயில். காந்தி அவர்களுடைய பட்டியலை எழுதி வைத்திருக்கிறார், ஒருவரைத் தவிர எல்லாரும் தமிழ்ப் பெண்கள் என்றும் சொல்கிறார். அந்தப் பட்டியலை வாசித்துப் பார்: திருமதி தம்பி நாயுடு, திருமதி என். பிள்ளை, திருமதி பெருமாள் நாயுடு, திருமதி பி. கே. நாயுடு... ஒன்பது பேர் புருஷன் பெயரில். சொந்தப் பெயரோடு வருவது கல்யாணமாகாத இரண்டு பேர் மட்டும். திருமதி தம்பி நாயுடுவின் பெயர் வீரம்மாள் என்பதை வேறு இடத்தில் தேடித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஜெயிலுக்குப் போனவர்களுக்கே இந்தக் கதி என்றால், நம் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் தைத்துப் பிழைத்தவர்களை யார் எழுதி வைத்திருப்பார்கள்?

சரி, கைவேலைக்கு வருகிறேன். ஒரு பெட்டியைத் திறந்தால் பொருள் இருந்த வரிசையைக் கலைக்காதே. யார் கொடுத்தது, என்றைக்கு வந்தது, யாருடைய வீட்டிலிருந்து என்று முதலில் பதிவேட்டில் எழுது. துருப்பிடித்த ஊசி, கிளிப், ரப்பர் பேண்ட் எல்லாவற்றையும் மெதுவாக எடுத்துவிடு. கிழிந்ததை செல்லோடேப் போட்டு ஒட்டாதே, லேமினேட் செய்யவே செய்யாதே. ஒரு இடத்தில் நல்ல எண்ணத்தில் எல்லாப் பத்திரிகையையும் லேமினேட் செய்து வைத்திருந்தார்கள். பெயர் சொல்ல மாட்டேன், பார்த்ததும் வயிறு எரிந்தது.

போட்டோவின் பின்னால் பேனா வேண்டாம். பழைய தாள் என்றால் மெத்தென்ற பென்சிலால் ஓரத்தில் அழுத்தாமல் எழுதலாம். எழுபதுகளுக்குப் பிந்திய வழவழப்பான தாளில் பென்சில் பிடிக்காது, அதற்கு உறையின் மேல் எழுது, எழுதிவிட்டு அப்புறம் படத்தை உள்ளே வை. ஒட்டும் பக்கமுள்ள ஆல்பத்திலிருந்து படத்தைப் பிய்க்காதே. பக்கத்தை அப்படியே படம் எடுத்துக்கொள். டர்பன் ஈரத்துக்குப் பூஞ்சணமும் ராமபாணப் பூச்சியும் வரும், பெட்டி தரையில் இருக்கக் கூடாது.

உன் நோட்டைப் பற்றி ஒரு யோசனை. எண்கள் என்ன காசில் இருக்கின்றன என்று பார். 1961 பிப்ரவரி 14-இல்தான் நம் நாட்டில் பவுன், ஷில்லிங் போய் ராண்ட் வந்தது. பத்து ஷில்லிங் ஒரு ராண்ட். நடுவில் எங்காவது காசு மாறியிருந்தால் அந்தப் பக்கத்துக்குத் தேதி கிடைத்துவிடும்.

கப்பல்_பட்டியல் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

ஆண்ட்டி சொல்வது சரி. ஆனால் எடுத்த எடுப்பில் ஆயாக்களிடம் போனால் கதை ஐம்பதுகளுக்கு முன்னால் போகாது. நான் கப்பல் பட்டியலிலிருந்து தொடங்கச் சொல்வேன். 1860 நவம்பர் 16-இல் மதராஸிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் முதல் 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம். பெண்ணுக்கும் தனி வரி உண்டு, அதுதான் முக்கியம். அவள் கணவன் பெயரில் ஒளியாத ஆவணம் இது. வெஸ்ட்வில்லில் க்வாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் கேட்டுப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். முனியம்மா ஐந்தாறு விதமாக வருவார். எழுத்தைத் தேடாதீர்கள், வாய்விட்டுப் படித்து ஓசையைத் தேடுங்கள். கூலியையும் கவனியுங்கள்: ஆணுக்கு முதல் வருஷம் மாதம் பத்து ஷில்லிங், பெண்ணுக்கு அதில் பாதி. கரும்புத் தோட்டத்துப் பெண்ணின் வாழ்க்கையைப் பற்றி நாம் நீட்டி எழுதும் பாதி விஷயம் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

மெரீபேங்க்_ஆண்ட்டி

பட்டியல் வேண்டும் தம்பி, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பட்டியல் ஆர்க்கைவ்ஸில் பத்திரமாக இருக்கிறது, அடுத்த வருஷமும் இருக்கும். ஆயாவும் அப்படி இருப்பார் என்று எழுதிக் கொடுப்பீர்களா?

சாதிப் பத்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேத்தி ஆசையோடு தன் கொள்ளுப்பாட்டியைத் தேடி வருவாள், நாம் எல்லார் முன்னாலும் அந்தப் பத்தியைச் சத்தமாக வாசிப்போம். அது வேண்டாம். தாளைக் கையில் கொடுத்துவிட்டு அந்தக் குடும்பம் தானாக வாசிக்கட்டும்.

லெனேசியா_அக்கா

ஆகஸ்ட் மாதத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன். 1956 ஆகஸ்ட் 9-இல் இருபதாயிரம் பெண்கள் பாஸ் சட்டத்தை எதிர்த்து பிரிட்டோரியாவில் அரசாங்கம் இருக்கும் யூனியன் பில்டிங்ஸுக்கு ஊர்வலம் போன நாள், இப்போது மகளிர் தினம், பொது விடுமுறை. அதற்கு முந்தின வாரம் பார், எல்லாப் பள்ளியிலிருந்தும் ஆள் வரும். தில்லையாடி வள்ளியம்மை படம் வேண்டும், டர்பனில் வைத்தியம் பார்த்துக்கொண்டே போராடிய டாக்டர் கூனம் பற்றி ஒரு பக்கம் வேண்டும், நாளைக்கே வேண்டும். கொடுங்கள், கொடுக்க வேண்டியதுதான். 1914 பிப்ரவரி 22-இல் ஜெயிலிலிருந்து வந்து செத்துப்போன பதினாறு வயசு வள்ளியம்மையை எந்தப் பிள்ளை தெரிந்துகொண்டாலும் நல்லது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளை ஜோகன்னஸ்பர்க் பிராம்ஃபோன்டைன் கல்லறைத் தோட்டத்தில் அவளுக்கும், அவளைப் போலவே ஜெயிலுக்குப் போய் இறந்த நாகப்பனுக்கும் உள்ள நினைவுக்கல்லைக் காட்டக் கூட்டிப்போவேன். உங்கள் பக்கம் என்றால் 1946-இல் இந்தியர் நிலம் வாங்குவதைத் தடுத்த சட்டத்தை எதிர்த்துச் சத்தியாகிரகம் நடந்த அம்பிலோ ரோடு, கேல் ஸ்ட்ரீட் முனை.

ஆனால் செப்டம்பரில் ஒரு ஈ காக்கை வராது. போராளிகளை மட்டும் வைத்தால் இப்படித்தான். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பெண்கள் நூலகம் என்று ஒன்று, 1991-இல் தொடங்கியது. இன்று அங்கீகாரம் பெற்ற மியூசியமும்கூட. அங்கே வாக்குரிமைப் போராட்டப் பொருள்களோடு சமையல் புத்தகமும் பின்னல் மாதிரித் தாளும் சேர்த்து வைத்திருக்கிறார்கள், பெரும்பாலும் ஜனங்கள் கொடுத்தது. அதனால் உன் யூனியன் கார்டையும் நோட்டையும் கீழ்த்தட்டில் தள்ளாதே. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் டர்பன் தையல் ஃபேக்டரிகளுக்கு நம் பெண்கள் போய்த்தானே பல வீட்டில் அடுப்பு எரிந்தது.

பேட்டிக்குப் போனால் "உங்கள் வரலாற்றைச் சொல்லுங்கள்" என்று கேட்டுவிடாதே, வாய் மூடிக்கொள்ளும். மிஷினில் உன் பக்கத்தில் யார் உட்கார்ந்தது, மதியம் என்ன சாப்பிட்டாய், சம்பளக் கவரை யார் கையில் கொடுத்தாய் என்று கேள். மூன்றாவது கேள்விக்கு மட்டும் ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

சாட்ஸ்வொர்த்_பேத்தி

ஆண்ட்டி, காசு மாறுகிறது! முன்பக்கங்களில் எல்லாருக்கும் நேராக 10/- என்று இருக்கிறது. நடுவில் ஒரு பக்கத்தில் அதை அடித்துவிட்டு மேலே R1 என்று எழுதி, அதற்குப் பின் கடைசி வரை ராண்ட்தான். ஆகவே அது சீட்டு நோட்டு, மாதம் பத்து ஷில்லிங் சீட்டு, 1961-ஐத் தாண்டிப் போயிருக்கிறது.

கையெழுத்து புரியாததால் போனில் படம் எடுத்து ஆயாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தார். இருபது பேர், ஒருவர்கூடப் புருஷன் பெயரில் இல்லை. "பாக்கியம்", "குள்ள அஞ்சலை", "டொங்காட் காத்தாயி", "தையக்கார லெட்சுமி" இப்படித்தான். டர்பன் மேகசின் பேரக்ஸ் குடியிருப்பில் நடந்த சீட்டு, கார்ப்பரேஷன் வேலைக்காரர்கள் வீட்டுப் பெண்கள் போட்டது என்கிறார். சாட்ஸ்வொர்த்துக்கு எல்லாரையும் மாற்றியபோது சீட்டும் கூடவே வந்ததாம், ஆள் வேறு வேறு யூனிட்டில் (சாட்ஸ்வொர்த்தின் பகுதிகளில்) சிதறிப் போனதால் வசூல் செய்யப் பஸ் ஏற வேண்டியிருந்ததாம். அடுப்படிக் கதை என்று சொன்னவர் இப்போது நிறுத்தவில்லை.

ஒரே பிரச்சினை. ஒருத்தி இரண்டு மாதச் சீட்டுக் கட்டாமல் ஏமாற்றிவிட்டாள் என்று பெயரோடு சொல்கிறார், கோபம் இன்னும் ஆறவில்லை. அந்த அம்மாவின் பிள்ளைகள் இங்கேயேதான் இருக்கிறார்கள். இதைப் பதிவு செய்யலாமா? நோட்டை அப்படியே இணையத்தில் போடலாமா?

மெரீபேங்க்_ஆண்ட்டி

பதிவு செய். இணையத்தில் போடாதே. இரண்டும் வேறு வேறு முடிவு.

உயிரோடு இருப்பவர்களின் தனிப்பட்ட விவரத்துக்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, போப்பியா என்பார்கள், 2021 ஜூலையிலிருந்து கண்டிப்பாக அமலில் இருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அக்கம்பக்கத்தில் முகம் பார்த்து வாழ வேண்டாமா? ஆயாவிடம் ஒப்புதல் தாளில் கையெழுத்து வாங்கு, முழுசாகப் பதிவு செய். பிறகு அவருக்கே போட்டுக் காட்டி, எந்தப் பகுதியை மூடி வைக்க வேண்டும், எத்தனை வருஷம் மூட வேண்டும் என்று கேள். அந்தக் கடன் கதையை வெட்டி எறியாதே, மூடி வை. பிரதி இரண்டு, ஒன்று நூலகத்துக்கு வெளியே. நோட்டின் தாள்களை 400 அல்லது 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து வைத்துக்கொள். வருகிறவர்களுக்கு அறையில் காட்டினால் போதும்.

பட்டியலில் அந்த இருபது பெயரையும் நோட்டில் இருக்கிறபடியே ஏற்று. குள்ள அஞ்சலையைத் திருமதி யாரோவாக மாற்றி மரியாதை செய்ய நினைக்காதே. ஆயா சொன்ன விளக்கத்தைத் தனிப் பத்தியில் போடு, யார் சொன்னது, என்றைக்குச் சொன்னது என்பதோடு.

கப்பல்_பட்டியல் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

நான் தோற்றேன் ஆண்ட்டி. ஆனால் டொங்காட் கரும்புத் தோட்ட ஊர், காத்தாயி அங்கே எந்த எஸ்டேட் என்று ஆயாவிடம் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அவருடைய அம்மாவையோ பாட்டியையோ கப்பல் பட்டியலில் தேடிப் பார்க்கிறேன்.

லெனேசியா_அக்கா

தம்பி வரலாமா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை பாருங்கள். அது அந்த நூலகத்தின் விதியைப் பொறுத்தது, பொறுப்பாளரிடம் முதலில் கேள். சில பதிவுகளில் பெண்கள் மட்டும் இருந்தால்தான் பேச வரும், அந்த நேரம் அவன் வெளியே. மற்றபடி பெட்டிகள் எல்லாம் தரையில் இருக்கிறதென்றால் மேலே தூக்கி வைக்க ஆள் வேண்டுமே, கூட்டி வா.

சாட்ஸ்வொர்த்_பேத்தி

கேட்டுவிட்டேன் அக்கா, வரலாம் என்றார்கள். ஆயாவும் வருகிறாராம். போட்டோவை எல்லாம் மேசையில் பரப்பி வை, ஆனால் டீ கொடுக்காமல் ஒரு பெயர் சொல்ல மாட்டேன் என்கிறார்.