கையில் பிடித்து எடுக்கும் மேக்ரோ படங்களுக்கு ஃபிளாஷை எங்கே நிறுத்துவது: சென்னை நண்பர்களின் அனுபவங்கள்

மேடவாக்கத்திலிருந்து

மேக்ரோ, அதாவது சிற்றுயிர்களை மிக அருகிலிருந்து பெரிதாகப் படமெடுக்கத் தொடங்கும் நண்பர்கள் பெரும்பாலும் எந்த ஃபிளாஷை வாங்குவது என்றே முதலில் கேட்கிறார்கள். நன்மங்கலம் காப்புக்காட்டை ஒட்டிய புதர்களிலும் எங்கள் தெருவோரத்து எருக்கஞ்செடிகளிலும் நெடுநாளாகப் பூச்சிகளைப் படமெடுத்து வருகிறேன். வாங்கிய ஃபிளாஷை எங்கே நிறுத்துவது என்பதுதான் அதைவிடப் பெரிய கேள்வி என்பது என் உறுதியான எண்ணம். விலை குறைந்த ஃபிளாஷும் சரியான இடத்தில் நின்றால் நல்ல படம் தரும். தவறான இடத்தில் நின்றால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதும் உதவாது.

பூச்சியை அதன் உண்மை அளவிலேயே, அதாவது 1:1 உருப்பெருக்கத்தில் கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் பதிக்கும்போது, லென்ஸின் துளையை f/11 என்று சுருக்கி வைத்தாலும் கூர்மையாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கிறது. அந்த நிலையில் லென்ஸ் சென்சாரிலிருந்து விலகி முன்னே நீண்டிருப்பதால், f/11 என்று காட்டும் துளை வெளிச்சத்தைப் பொறுத்தவரை f/22 போலவே நடந்துகொள்கிறது. வழக்கமாக வந்து சேரும் ஒளியில் நான்கில் ஒரு பங்குதான் சென்சாருக்கு வருகிறது. சித்திரை வெயில் கொளுத்தும்போதும் இலையின் அடிப்புறத்தில் ஒட்டியிருக்கும் பூச்சிக்கு இது போதாது. ஆகவே கேமராவை f/11, 1/200 நொடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 200 என்று மேனுவலில் வைத்துவிட்டு, வெளிச்சம் முழுவதையும் ஃபிளாஷிடமே விட்டுவிடுகிறேன். அப்போது என் கையின் அசைவைத் தடுத்து நிறுத்துவது ஷட்டர் அன்று. ஃபிளாஷ் மின்னி மறையும் மிகக் குறுகிய நேரமே அந்த வேலையைச் செய்கிறது.

தூரத்தின் முக்கியத்துவம் இங்கேதான் தெரிகிறது. ஃபிளாஷின் முன்னால் ஒளியைப் பரப்ப மாட்டும் டிஃப்பியூசரின் முகம் பூச்சியிலிருந்து 30 செ.மீ. தள்ளி இருந்ததை 15 செ.மீ.க்குக் கொண்டுவந்தால், பூச்சியின் மேல் விழும் ஒளி ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. அதற்கு ஏற்ப ஃபிளாஷின் ஆற்றலை 1/8 இலிருந்து 1/32 க்குக் குறைத்துவிடலாம். ஆற்றல் குறையக் குறைய மின்னும் நேரமும் சுருங்குவதால், முழு ஆற்றலில் சில நூறில் ஒரு நொடியாக நீடிக்கும் ஒளி, 1/32 இல் பல ஆயிரத்தில் ஒரு நொடியாகிவிடுகிறது. காற்றில் ஆடும் எருக்க இலையின் மேல் வெந்தய வரியன் புழு மேய்ந்துகொண்டிருக்கும்போது, அதன் கால்களின் நுனி கலங்காமல் பதிவதற்குக் காரணம் இதுவே. பேட்டரி நீடித்து வருகிறது, அடுத்த படத்துக்கு ஃபிளாஷ் உடனே தயாராகிறது என்பவை கூடுதல் நன்மைகள். இவை எல்லாவற்றையும்விட நான் பெரிதாக மதிப்பது ஒளியின் மென்மையை. அதே டிஃப்பியூசர் பாதித் தூரத்துக்கு வரும்போது பூச்சியின் பார்வையில் இரு மடங்கு அகலமாகிறது. நிழல்களின் விளிம்பு கரைகிறது. இந்த வேலைக்கு, மிக வேகமான ஷட்டரோடு ஃபிளாஷைப் பயன்படுத்த உதவும் ஹை-ஸ்பீடு சிங்க் வேண்டாம். அதில் ஃபிளாஷ் ஒரே வீச்சாக மின்னாமல் தொடர்ச்சியாகத் துடிப்பதால், ஆற்றலும் வீணாகிறது, அசைவை உறைய வைக்கும் தன்மையும் போய்விடுகிறது.

ஃபிளாஷை கேமராவின் தலையிலேயே நேராக வைத்தால் ஒளி பூச்சியைத் தாண்டிப் போகும். லென்ஸின் முனையே பூச்சியின் மேல் நிழலாக விழும். பக்கவாட்டில் வைத்தால் ஒரு கன்னம் வெளுத்து மறு கன்னம் இருண்டுவிடும். இடக்கையில் தனியாகப் பிடித்துக்கொள்ளும் முறையை நம்மில் பலர் பரிந்துரைப்பதைப் பார்த்திருக்கிறேன். அதை நான் ஏற்பதில்லை. இடக்கைக்கு அதைவிட முக்கியமான வேலை இருக்கிறது. பூச்சி அமர்ந்திருக்கும் குச்சியையோ இலைக்காம்பையோ இடக்கை விரல்களால் மெல்லப் பற்றி, அதே கையின் மேல் லென்ஸைச் சாய்த்துக்கொண்டால், பூச்சியும் கேமராவும் ஒன்றாகவே அசைகின்றன. ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குள் பூச்சியின் கண்ணை நிறுத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அந்தக் கை விடுபட்டிருக்க வேண்டுமானால் ஃபிளாஷ் கேமராவோடு சேர்த்தே பொருத்தப்பட்டிருக்க வேண்டும்.

எனவே நான் நிறுத்தும் இடம், லென்ஸின் முனைக்கு மேலே, சற்று முன்னால் தள்ளி, கீழ்நோக்கிச் சாய்ந்த நிலை. டிஃப்பியூசரின் விளிம்பு ஓட்டு வீட்டின் தாழ்வாரத்தைப் போல லென்ஸைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். இதற்கு ஆயத்தமாக விற்கும் பிராக்கெட்டுகள் விலை அதிகம். ஹார்டுவேர் கடையில் வாங்கிய அலுமினியப் பட்டையை லேத் பட்டறையில் வளைத்து, கேமராவின் அடியில் உள்ள கால் அங்குலத் திருகுக்கு ஏற்ற துளையிட்டு, மறுமுனையில் எந்தப் பக்கமும் திருப்பக்கூடிய சிறிய பால்ஹெட் ஒன்றைப் பூட்டிக்கொண்டேன். ஃபிளாஷ் கோடாக்ஸ் டிடி600. அதைக் கம்பியில்லாமல் மின்ன வைக்கும், அதே நிறுவனத்தின் டிரிக்கர் கேமராவின் மேல் இருக்கிறது. பேட்டரி இல்லாமலே 400 கிராம் எடையுள்ள இந்த ஃபிளாஷ், பட்டையின் நுனியில் தொங்கும்போது மணிக்கட்டை வலிக்கச் செய்யும் என்பது உண்மைதான். மேக்ரோவுக்கு மட்டுமே வாங்குகிறவர்கள் அதில் பாதி எடையுள்ள டிடி350 ஐப் பார்க்கலாம். மென்மையான ஒளிக்குத் தேவையான ஆற்றல், இவ்வளவு அருகில், அதிலேயே தாராளமாக இருக்கிறது.

டிஃப்பியூசரை வெள்ளை ஐஸ்கிரீம் டப்பாவும் டிரேசிங் பேப்பரும் கொண்டு செய்திருக்கிறேன். ஃபிளாஷின் வாயில் ஓர் அடுக்கு, நாலு விரற்கடை இடைவெளி, பிறகு வளைவான இரண்டாம் அடுக்கு. அந்த இடைவெளியில்தான் ஒளி பரவுகிறது. இரண்டு அடுக்குகளையும் ஒன்றோடொன்று ஒட்டி வைத்தால் ஒளி குறையுமே தவிர மென்மையாகாது.

மயிலாப்பூரிலிருந்து

மேலே அண்ணன் எழுதியதில் எனக்கு முழு உடன்பாடு. பளபளக்கும் உடல்களைப் பற்றி மட்டும் என் அனுபவத்தைச் சேர்க்கிறேன்.

எங்கள் வீட்டு மாமரத்தில் முசுறு எறும்புகள் இலைகளைச் சேர்த்துப் பின்னிய கூடுகள் உண்டு. ஒரு நாள் அந்த எறும்புகளின் வரிசைக்கு அருகே, எறும்பைப் போலவே நடந்த ஓர் உயிரைப் படமெடுத்துப் பெரிதாக்கியபோது, அது எட்டுக் கால்கள் உடைய குதிக்கும் சிலந்தி என்று தெரிந்தது. முன்னங்கால்களைத் தூக்கி, எறும்பின் உணர்கொம்புகளைப் போல அசைத்துக்கொண்டிருந்தது. குதிக்கும் சிலந்திகளுக்கே உரிய இரண்டு பெரிய முன்கண்கள்தான் அதன் வேடத்தைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம். ஒளி தலைக்கு நேர் மேலிருந்து விழுந்தால் அந்தக் கண்கள் இருண்டுவிடுகின்றன. ஆகையால் இத்தகைய சிலந்திகளுக்கு டிஃப்பியூசரை இன்னும் முன்னே இழுத்து, அதன் முகம் சிலந்தியின் நெற்றியைப் பார்க்கும்படி திருப்பிவிடுகிறேன்.

முசுறின் உடலும் இந்தச் சிலந்தியின் உடலும் மினுமினுப்பானவை. டிஃப்பியூசரின் நடுவில் ஒளி மிகுந்திருந்தால், அந்த வெண்புள்ளி அப்படியே வயிற்றின் மேல் சுட்டதுபோல் பதிந்துவிடும். உள் அடுக்கின் நடுவில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டமாக இன்னொரு டிரேசிங் பேப்பரை ஒட்டியதும் ஒளி சீராகப் பரவத் தொடங்கியது. ஃபிளாஷைக் கேமராவை நோக்கித் திருப்பி டிஃப்பியூசரையே ஒரு படம் எடுத்துப் பார்த்தால், அதில் எந்த இடம் வெளுத்திருக்கிறது என்று உடனே தெரியும். படத்தில் அதே வடிவம்தான் வண்டின் முதுகில் பிரதிபலிக்கப் போகிறது. வயிற்றின் அடிப்புறம் கறுத்துப் போனால் இரண்டாவது ஃபிளாஷ் தேவையில்லை. கல்யாணப் பத்திரிகையின் அச்சில்லாத வெள்ளைப் பக்கத்தை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, காம்பைப் பற்றியிருக்கும் இடக்கையின் சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையே செருகிக்கொள்கிறேன். மேலிருந்து வரும் ஒளியில் ஒரு பகுதி அதில் பட்டு மேலே திரும்புகிறது.

பின்னணி முழுக் கருப்பாகிவிடுகிறது என்று பலர் வருந்துகிறார்கள். அருகிலிருந்து வரும் ஃபிளாஷின் ஒளி பூச்சிக்கு அப்பால் விரைவாகத் தேய்ந்துவிடுவதே காரணம். பூச்சிக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்துக்குள் ஏதேனும் இலை இருக்கும்படி கோணத்தை மாற்றிக்கொண்டால் பச்சை நிறம் திரும்பிவிடும்.

அம்பத்தூரிலிருந்து

நான் பயன்படுத்துவது, கேமராவோடு சேர்ந்தே வரும் கிட் லென்ஸின் முன்னால் மாட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடியான ரேனாக்ஸ் டிசிஆர்-250. அதன் திறன் 8 டயாப்டர் என்பதால், லென்ஸைத் தொலைவில் குவித்து வைத்திருக்கும்போது பூச்சிக்கும் அதற்கும் இடையே சுமார் 12.5 செ.மீ. கிடைக்கிறது. எக்ஸ்டென்ஷன் டியூப் (கேமராவுக்கும் லென்ஸுக்கும் இடையே மாட்டும் வெற்றுக் குழல்) போட்ட 50 மி.மீ. லென்ஸைவிட இது தாராளமான இடம். ஆனால் அந்த இடம் கூடக்கூட டிஃப்பியூசரையும் அதே அளவுக்கு முன்னே தள்ள வேண்டியிருக்கிறது. தள்ளாவிட்டால் மேலே விளக்கப்பட்ட நான்கு மடங்குக் கணக்கு நமக்கு எதிராகத் திரும்பிவிடும். டியூபுக்கு அளவெடுத்துச் செய்த பட்டையை அப்படியே ரேனாக்ஸுக்குப் பயன்படுத்த இயலாது. பட்டையில் நீளவாக்கில் ஒரு பள்ளம் வெட்டி, திருகைத் தளர்த்தி முன்னும் பின்னும் நகர்த்தும்படி செய்துகொண்டேன்.

சென்னையின் ஈரப்பதத்தில் செலோ டேப் நம்பத்தக்கதன்று. ஒட்டிய சில நாட்களிலேயே பசை இளகி, டிஃப்பியூசர் சரிந்து லென்ஸின் முன்னால் இறங்கிவிடும். வெல்க்ரோ பட்டையும் ரப்பர் பேண்டும் பல மாதங்கள் தாங்குகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழை விட்ட காலையில் டிரேசிங் பேப்பர் நமுத்துப் போவதால், அந்தப் பருவத்தில் மட்டும் வெளியடுக்குக்கு மெல்லிய வெள்ளை ஃபோம் ஷீட்டைப் பயன்படுத்துகிறேன். அது ஒளியைச் சற்றுக் கூடுதலாக விழுங்குகிறது. ஆற்றலை ஒரு படி ஏற்றினால் சரியாகிவிடும்.

90 அல்லது 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் வைத்திருக்கும் நண்பர்கள் தங்கள் பட்டையின் நீளத்தையும், எடை தாங்க அதை எங்கே முட்டுக்கொடுத்தார்கள் என்பதையும் எழுதினால், அடுத்த பட்டையை வளைக்கப் போவதற்கு முன் எனக்குப் பெரிதும் உதவியாக இருக்கும்.