நியூட்ரல் இல்லாத சுவிட்ச் பாக்ஸும் ராத்திரி 3 மணி வெளிச்சமும்

வீட்டு விளக்குகளைப் போனிலிருந்து போட்டு அணைக்க ஆசைப்பட்டு, அதையும் குறைந்த செலவில் முடிக்கப் பார்த்து, நான் பட்ட பாட்டை முதலில் எழுதிவிடுகிறேன். உங்களுடையதையும் சொல்லுங்கள். சறுக்கிய இடத்தை மறைக்காமல் சொன்னால் இன்னும் நல்லது.

நான் ஆரம்பித்தது வைஃபை பல்பில். ஹப் (சாதனங்களை ஒன்று சேர்த்து நடத்தும் நடுப்பெட்டி) வேண்டாம், வயரிங்கில் கை வைக்க வேண்டாம், பழைய பல்பைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினால் வேலை முடிந்தது. முதல் பல்பைச் சேர்க்கவே ஒரு சாயங்காலம் போய்விட்டது. இந்த வகை பல்புகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும்தான் பேசும். என் போன் 5 கிகாஹெர்ட்ஸில் உட்கார்ந்திருந்தது. ரவுட்டரில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்தேன். மீதி ஏழு பல்பும் அரை மணி நேரத்தில் சேர்ந்துவிட்டன.

ஒரு வாரம் ஒரே கொண்டாட்டம். அப்புறம் ஒருநாள் அம்மா தூங்கப் போகும்போது வழக்கம்போலச் சுவரில் இருக்கிற சுவிட்சை அணைத்தார். ஆப்பில் அந்த பல்பு காணாமல் போனது. "சுவிட்சைத் தொடாதீங்கம்மா, போன்ல அணைங்க" என்றேன். "லைட்டை அணைக்க நான் கண்ணாடியைத் தேடணுமா?" என்றார். சுவிட்ச் மேல் டேப் ஒட்டிப் பார்த்தேன். மறுநாள் அது சுருண்டு குப்பைக்கூடையில் கிடந்தது.

அடுத்தது கரண்ட் போய் வந்த ஒரு ராத்திரி. மணி 3. எட்டு பல்பும் ஒரே நேரத்தில் முழு வெள்ளை வெளிச்சத்தில் எரிந்தன. வீடே எழுந்து உட்கார்ந்துவிட்டது. மின்வெட்டு முடிந்து கரண்ட் வருவதும், யாரோ சுவிட்சைப் போடுவதும் பல்புக்கு ஒன்றுதான். அதனால் கரண்ட் வந்ததும் எரியும்படித்தான் பெரும்பாலும் செய்கிறார்கள். 'கரண்ட் திரும்பினால் முன்பிருந்த நிலையே தொடரட்டும்' என்ற அமைப்பு ஆப்பில் இருந்தால் தப்பித்தோம். என் எட்டில் மூன்று பல்புக்கு அது இல்லவே இல்லை. கடையில் எத்தனை கோடி நிறம் காட்டும் என்று சொன்னார்கள், இதைச் சொல்லவில்லை.

சரி, பல்பு சாதாரணமாகவே இருக்கட்டும், புத்தி சுவிட்சுக்குள் போகட்டும் என்று முடிவு செய்தேன். சுவிட்சுக்குப் பின்னால் ஒளித்து வைக்கிற சின்ன ரிலே மாட்யூல் (போனிலிருந்து சொன்னபடி கரண்டை விட்டு நிறுத்தும் பெட்டி) கிடைக்கிறது. சுவரில் கை வைத்தாலும் எரியும், போனிலும் எரியும். வாங்கிவிட்டுத்தான் மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்து, சுவிட்ச் பாக்ஸைத் திறந்தோம். உள்ளே இரண்டே வயர். நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயர், இல்லை.

வழக்கமான வயரிங்கில் ஃபேஸ் (கரண்ட் வரும் வயர்) மட்டும்தான் சுவிட்ச் வழியாகப் போய் வரும். நியூட்ரல் நேராக விளக்குக்குப் போய்விடும். சாதாரண சுவிட்சுக்கு அது போதும். மாட்யூலோ வைஃபையில் காது வைத்துக் கொண்டே இருக்க வேண்டியது, அதற்கு எந்நேரமும் கொஞ்சம் கரண்ட் வேண்டும். நியூட்ரல் தேவையில்லை என்று விற்கிற வகை, அந்தக் கொஞ்சத்தை விளக்கு வழியாகவே கசிய விட்டு வாங்கிக் கொள்ளும். பழைய குண்டு பல்பாக இருந்தால் அந்தக் கசிவு கண்ணில் படாது. எல்இடி விட்டுவைக்காது. என் கூடத்து விளக்கு, அணைத்த பிறகும் மின்மினிப் பூச்சி மாதிரி விட்டுவிட்டு மினுங்கியது. கடைசியில் எலக்ட்ரீஷியன் விளக்குப் பக்கம் கசிவைத் தன் வழியாக விடும் ஒரு பைபாஸ் கப்பாசிட்டரை இணையாக மாட்டிய பிறகுதான் ஓய்ந்தது. அவர் சொன்ன ஒன்று உபயோகமானது: பிளக் பாயிண்ட் சேர்ந்திருக்கிற போர்டில் நியூட்ரல் வந்தே ஆக வேண்டும், அங்கே தாராளமாக மாட்யூல் வைக்கலாம். அதை முதலிலேயே பார்த்திருந்தால் பாதிச் செலவு மிச்சம்.

*

எனக்கும் இதே மினுங்கல், ஆனால் காரணம் வேறு. கூரையில் 50 வாட் ஹாலஜன் ஆறு இருந்தது. அவற்றை எடுத்துவிட்டு 5 வாட் எல்இடி ஆறு போட்டேன், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கச் சுவரில் இருந்த டிம்மர் பழையதே. 300 வாட்டைத் தாங்கிய டிம்மருக்கு இப்போது கிடைப்பது 30 வாட். அந்தப் பழைய வகைக்குக் குறைந்தபட்சச் சுமை என்று ஒன்று உண்டு, அதற்குக் கீழே போனால் துடிக்க ஆரம்பிக்கும். கூடவே ஒரு ரீங்காரம். எல்இடிக்கு ஏற்ற டிரெய்லிங் எட்ஜ் டிம்மர் மாற்றியதும் சரியானது. பல்பின் அட்டையில் டிம் செய்யலாம் என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். நான் வாங்கிய ஆறில் இரண்டு அப்படி இல்லாதவை, பெட்டி ஒரே மாதிரி இருந்ததால் கவனிக்கவில்லை.

*

நான் ஜிக்பீ ஆள். வைஃபைக்குப் பதிலாகச் சாதனங்கள் பேசிக்கொள்ளும் வேறொரு ரேடியோ முறை அது. இதற்கு ஒரு ஹப் வேண்டும், அந்தச் செலவு முதலில் உறுத்தும். ஆனால் பத்துப் பதினைந்து சாதனம் தாண்டினால் ரவுட்டர் மேல் சுமை ஏறாமல் இருப்பதற்கே அது ஈடு. வீட்டு மின்சாரத்தில் நேராக ஓடும் ஜிக்பீ சாதனங்கள் பெரும்பாலும் பக்கத்துச் சாதனத்தின் செய்தியை வாங்கிக் கடத்தும். பேட்டரியில் ஓடுபவை கடத்தாது. அம்மா சுவிட்சை அணைத்த கதை இங்கே இன்னும் மோசம்: நடைபாதை பல்பை யாராவது சுவரில் அணைத்தால், அதன் வழியாகப் பேசிக்கொண்டிருந்த மாடிச் சென்சாரும் ஊமையாகிவிடும். இரண்டு வாரம் சென்சாரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

இன்னொரு கூத்து. பழைய சின்னக் கணினி ஒன்றில் ஹோம் அசிஸ்டன்ட் (வீட்டுச் சாதனங்களை நடத்தும் மென்பொருள்) போட்டு, ஜிக்பீ டாங்கிளை (ஜிக்பீயில் பேசும் யூஎஸ்பி குச்சி) நேராக யூஎஸ்பி 3.0 துளையில் சொருகினேன். பக்கத்து அறை விளக்குகூட நான்கில் ஒரு முறைதான் கேட்டது. யூஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது எழுகிற இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கமே விழுமாம். ஜிக்பீ பேசுவதும் அங்கேதான். ஒரு மீட்டர் நீட்டிப்பு வயர் போட்டு டாங்கிளைத் தள்ளி வைத்தேன். வீடு முழுக்க எட்டியது. நான் செலவழித்ததிலேயே மலிவான பொருள் அந்த வயர்தான்.

*

வாடகை வீட்டில் இருப்பவன் நான், சுவரில் கை வைக்க முடியாது. ஸ்மார்ட் பிளக், ஒட்டுகிற பட்டன் சுவிட்ச், இரண்டு மேசை விளக்கு, இவ்வளவுதான். ஒட்டுகிற பட்டனைச் சுவரில் இருக்கும் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே ஒட்டினால் வீட்டார் பழகிவிடுகிறார்கள், டேப் தேவைப்படவில்லை.

எது வாங்கினாலும் அன்றைக்கே ஒரு சோதனை செய்கிறேன். ரவுட்டருக்குள் வருகிற இணைய வயரைப் பிடுங்கிவிட்டு விளக்கைப் போட்டுப் பார்ப்பேன். எரிந்தால் வைத்துக்கொள்வேன், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவேன். இதைக் கற்றுக் கொடுத்தது ஒரு பெயர் தெரியாத பிராண்ட் பிளக். அதன் சர்வர் மூடிய அன்று நான்கு பிளக்கும் வெறும் பிளாஸ்டிக். சின்ன நிறுவனம்தானே என்று நினைக்க வேண்டாம். 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் வீட்டு நிறுவனத்தின் சர்வர்களே முன்னறிவிப்பு இல்லாமல் நின்றன. பயன்படுத்தியவர்களில் சிலரே சேர்ந்து அதை வாங்கிய பிறகுதான் திரும்ப ஓடியது. அதே வருடம் அக்டோபரில் வந்த மேட்டர் என்ற பொதுத் தரத்தில் (வெவ்வேறு பிராண்ட் சாதனங்கள் சேர்ந்து வேலை செய்வதற்கானது) கட்டுப்பாடு வீட்டுக்குள்ளேயே நடக்கும் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. மேட்டர் முத்திரை இருக்கிற பிளக் கொஞ்சம் விலை கூட, இருந்தாலும் இப்போது அதையே தேடுகிறேன்.

*

பாத்ரூமில் அசைவுச் சென்சார் வைத்தவன். உடம்புச் சூடு நகர்ந்தால்தான் பிஐஆர் சென்சாருக்குத் தெரியும். உட்கார்ந்து போன் பார்த்தால் ஆள் இல்லை என்று தீர்மானித்துவிடும். மாமனார் இருட்டில் கையை வீசிக்கொண்டு வெளியே வந்தார். அசைவு நின்ற பிறகு விளக்கு அணையும் நேரத்தை மூன்று நிமிடத்திலிருந்து பன்னிரண்டாக மாற்றிச் சமாளித்தேன்.

செலவுக் கணக்கில் பலரும் விடுவது ஒன்று இருக்கிறது. ஸ்மார்ட் பல்பு அணைந்திருக்கும்போதும் அரை வாட் அளவுக்கு இழுக்கும். 20 பல்பு என்றால் 10 வாட், மாதத்துக்கு 7 யூனிட். அவ்வளவு பெரிய தொகை இல்லை, ஆனால் கரண்ட் மிச்சமாகும் என்று நினைத்து வாங்குபவர்கள் ஏமாறுவார்கள். வருடத்துக்கு நாலு முறை எரியும் பரண் விளக்குக்கு எதற்கு ஸ்மார்ட் பல்பு?

*

முதலில் எழுதியவன்தான். இணைய வயரைப் பிடுங்குகிற சோதனையை இன்று செய்தேன். ரிலே மாட்யூல்கள் சுவிட்சில் வேலை செய்தன, ஆப்பில் அசையவில்லை. அம்மாவுக்கு வித்தியாசமே தெரியவில்லை என்பதால் மாட்யூல்கள் தப்பித்தன. பழைய நிலை நினைவில்லாத மூன்று பல்பும் இப்போது மேசை விளக்கில், பிளக்கைப் பிடுங்கி வைக்கிற இடத்தில்.

பாத்ரூம் சென்சார்காரருக்கு ஒரு கேள்வி: பேட்டரி எவ்வளவு நாள் வருகிறது? ஆள் உட்கார்ந்திருந்தாலும் கண்டுபிடிக்கிற எம்எம்வேவ் (ரேடார்) வகை பார்த்தீர்களா?

*

பார்த்தேன். மூச்சு விடுகிற அசைவைக்கூடப் பிடிக்கும், ஆனால் நான் பார்த்தவை எல்லாம் யூஎஸ்பி கரண்ட் கேட்டன. என் பாத்ரூமில் பிளக் கிடையாது. பிஐஆரில் இருப்பது ஒரே ஒரு சிஆர்2032 பட்டன் பேட்டரி, மாற்றிப் பதினான்கு மாதம் ஆகிறது, இன்னும் ஓடுகிறது. மாமனார் மட்டும் உள்ளே போகும்போது டார்ச் எடுத்துப் போகிறார்.