'பியூர்' தொடரின் ஈலாய் வாஸ்: பார்த்தவர்களும் மெனோனைட்டுகளோடு பழகியவர்களும் சொல்லுங்கள்

முதல் பதிவு, ஸ்கார்பரோவிலிருந்து:

2017 ஜனவரியில் கனடாவின் சிபிசி தொலைக்காட்சியில் வந்தபோது தவறவிட்ட தொடர். போன வாரம்தான் முதல் பருவத்தின் ஆறு பகுதிகளையும் இரண்டே இரவில் பார்த்து முடித்தேன். நித்திரை போய்விட்டது. காரணம் ஈலாய் வாஸ்.

பார்க்காதவர்களுக்காக: நோவா ஃபங்க், தென் ஒன்ராறியோவில், மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சபை ஒன்றுக்குப் புதுப் போதகர். ஊருக்குள் நடக்கும் போதைப்பொருள் கடத்தலை ஒழிக்கப் போய், சபை ஆள் ஒருவனைப் பொலிஸிடம் காட்டிக்கொடுக்கிறார். கடத்தலின் தலைவன் வாஸ். அவனும் மெனோனைட்தான். போதகரின் குடும்பத்தைக் காட்டி மிரட்டி, அவரையே தன் தொழிலுக்குள் இழுத்துப் போட்டுவிடுகிறான்.

பீட்டர் அவுட்டர்பிரிட்ஜ் அந்த வேடத்தில் மிரட்டியிருக்கிறார், சரி. ஆனால் எனக்கு வயிற்றைக் கலக்கியது வேறு. மெனோனைட்டுகள் ஆயுதம் தொடமாட்டார்கள். அடித்தால் திருப்பி அடிக்கமாட்டார்கள். பிரச்சினை என்றால் பொலிஸ், கோர்ட் என்று ஓடாமல் சபைக்குள்ளேயே தீர்க்கப் பார்ப்பார்கள். இப்படிப்பட்ட ஊரில் ஒருவன் மட்டும் இரக்கமில்லாமல் இறங்கினால் அவனை யார் தடுப்பது? ஊராரின் நல்ல குணம்தான் அவனுக்கு மூலதனம். அதை அவன் நன்றாகத் தெரிந்தே வைத்திருக்கிறான்.

என் அனுபவம் சின்னது. கனடா வந்த புதிதில் அம்மாவோடு செயின்ட் ஜேக்கப்ஸ் சந்தைக்குப் போனோம். வைக்கோல் தொப்பி, தாடி வைத்த ஒருவர் சோளம் விற்றார். அம்மா பேரம் பேசினார். அவர் சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை, விலையைக் குறைக்கவுமில்லை. காசு வாங்கிப் போட்ட பிறகு, பேசாமல் ஒரு சோளப்பொத்தியைக் கூடுதலாக வைத்தார். இந்தத் தொடரைப் பார்த்த பிறகு அந்த முகம் நினைவுக்கு வந்தால் ஒரு நடுக்கம். அநியாயம்தான். உங்களுக்கும் இப்படி நடந்ததா?

வாட்டர்லூவிலிருந்து ஒருவர்:

அண்ணா, உங்கள் சோளக்காரருக்கும் வாஸுக்கும் சம்பந்தமே இல்லை! செயின்ட் ஜேக்கப்ஸ் பக்கம் குதிரை வண்டியில் போகிறவர்கள் பழைய ஒழுங்கு மெனோனைட்டுகள். பூர்வீகம் சுவிஸ், தென் ஜெர்மனி. பென்சில்வேனியாவிலிருந்து 1800 வாக்கில் இங்கே வந்தவர்கள். தொடரில் வரும் கதை 'லோ ஜெர்மன்' என்ற வட ஜெர்மன் வட்டார மொழி பேசுகிற மெனோனைட்டுகளுடையது. அவர்கள் நெதர்லாந்து, பிரஷ்யா, உக்ரைன் என்று சுற்றி 1870களில் கனடா வந்தார்கள். மானிடோபாவிலும் சஸ்காச்சுவானிலும் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தியதும், ஒரு பகுதியினர் 1922 முதல் மெக்சிகோவின் சிவாவா மாநிலத்துக்குப் போய்விட்டார்கள். அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பலர் கனடியக் குடியுரிமையோடு ஒன்ராறியோ தோட்டங்களுக்கு வேலைக்குத் திரும்பி வந்தார்கள். இந்தப் போக்குவரத்துக்குள் ஒளிந்துகொண்டுதான் ஒரு சிலர் மரச்சாமான்களுக்குள் கஞ்சா வைத்துக் கடத்தினார்கள். கதைக்கு விதை அதுதான். வாஸ் கற்பனை.

நான் படிக்க வந்த முதல் குளிர்காலத்தில், மெனோனைட்டுகள் நடத்தும் பழைய துணிக்கடை ஒன்றில் கோட்டு வாங்கினேன். கல்லாவில் ஜீன்ஸ் போட்ட ஒரு அக்கா. "நீங்கள் மெனோனைட்டா? தொப்பி எங்கே?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் நான் கோட்டை விட்டுவிட்டு ஓடியிருப்பேன். பிற்பாடு பழக்கமானார். 'பியூர்' பற்றிக் கேட்டதற்கு, "ஒரு கூட்டத்தின் கதை, இன்னொரு கூட்டத்தின் வண்டி" என்று மட்டும் சொன்னார். லோ ஜெர்மன்காரர்களின் கதையில் பழைய ஒழுங்குக்காரர்களின் குதிரை வண்டியை ஓட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். படப்பிடிப்பும் ஒன்ராறியோவில் இல்லை, நோவா ஸ்கோஷியாவில்!

பிராம்ப்டனிலிருந்து ஒரு லொறி ஓட்டுநர்:

தம்பி சொன்ன ஆட்களை நான் லெமிங்டனில் கண்டிருக்கிறேன். தக்காளி ஏற்றப் போவேன். பூப்போட்ட நீளச் சட்டையும் தலைத்துணியுமாகப் பெண்கள், வான் நிறையப் பிள்ளைகள். குதிரையும் இல்லை, வண்டிலும் இல்லை.

லோட் ஏற்றும் இடத்தில் வேலை செய்த ஒருவரோடு பழக்கம். சிவாவாவில் பிறந்தவர். வீட்டில் லோ ஜெர்மன், வெளியே ஸ்பானிஷ். ஆங்கிலம் என்னுடையதைவிட மோசம், அதனாலேயே நன்றாக ஒத்துப்போனோம். ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் எல்லையில் வானை முழுக்கப் பிரித்துப் பார்ப்பார்களாம். பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானைக்கூட விடுவதில்லையாம். யாரோ செய்ததற்கு இவர் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, என்னவோ போலவும் இருந்தது. ஒரு காலத்தில் கொழும்பில் அடையாள அட்டையில் பெயரைப் பார்த்துவிட்டு, "நீ புலியா?" என்று என்னை எத்தனை தரம் ஓரம் கட்டியிருப்பார்கள்! அதை அவருக்குச் சொன்னேன். எவ்வளவு விளங்கியதோ தெரியாது, தலையை ஆட்டினார்.

'பியூர்' நானும் பார்த்தேன். வாஸ் நல்ல வில்லன், மறுக்கவில்லை. ஆனால் இரண்டாம் பகுதிக்குப் பிறகு மனிசிதான் தொடர்ந்து பார்த்தா. நான் எழும்பிப் போய்விட்டேன்.

வாட்டர்லூவிலிருந்து மீண்டும்:

எல்லையில் அத்தனை தேடியும் என்னதான் கிடைத்ததாம், அண்ணா?

பிராம்ப்டன்:

சீஸ். அவர்களுடைய ஊர்ச் சீஸ் மெக்சிகோ முழுக்கப் பிரபலம், பெயரே மெனோனைட் சீஸ்தான். எனக்கும் ஒரு துண்டு தந்தார். மனிசி அதைத் தோசைக்குள் வைத்துச் சுட்டா. பிள்ளைகள் இன்னும் கேட்கிறார்கள்.