பாஸ் ஆட்டத்துக்கு ரன்னிங் பேக்கைப் பழக்குவது எப்படி? யோசனை வேண்டும்

வணக்கம் நண்பர்களே. டெக்சஸில் எங்கள் பகுதிச் சிறுவர் அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்குப் பயிற்சி கொடுக்க உதவுகிறேன். இந்த சீசனில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைக் குறைத்து, பந்தை வீசிப் பிடிக்கும் பாஸை நம்பி ஆடப் போகிறோம். இந்த ஆட்டம் ஆடியவர்கள், ஊன்றிப் பார்ப்பவர்கள் கைகொடுங்கள்.

பந்தை வீசும் எங்கள் குவார்ட்டர்பேக்குக்குத் தூரமாக வீசும் பலம் இல்லை, ஆனால் குறி தப்பாது. சின்சினாட்டி அணியின் குவார்ட்டர்பேக் வர்ஜில் கார்ட்டரும் இப்படித்தான். அவருக்காகப் பயிற்சியாளர் பில் வால்ஷ் அமைத்த குறுகிய பாஸ் முறைதான் பின்னாளில் வெஸ்ட் கோஸ்ட் ஆட்டம் ஆனது. அதில் மூன்று அல்லது ஐந்து தப்படி பின்வாங்கியதும் பந்து கையைவிட்டுப் போயிருக்க வேண்டும். பந்தைப் பிடிக்கும் ரிசீவர் திரும்பும் முன்பே வீசுவதால், அவன் ஓடும் பாதை ஒரு கஜம் பிசகினாலும் பந்து எதிரணிக்குத்தான். அதனால் வேகத்தைவிடத் துல்லியமாக ஓடுபவனைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

என் பெரிய கவலை, பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ரன்னிங் பேக். பாஸ் ஆட்டத்தில் அவன் பந்தைப் பிடிக்கவும் வேண்டும். 1985-இல் ரன்னிங் பேக் ரோஜர் கிரெய்க் ஒரே சீசனில் ஓடி ஆயிரம் கஜம், பிடித்து ஆயிரம் கஜம் எடுத்தார். தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் அதுவே முதல் முறை. எங்கள் பையன் நன்றாக ஓடுகிறான், பந்து வரும்போது மட்டும் கண்ணை எடுத்துவிடுகிறான். குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்து வரும் எதிரணி லைன்பேக்கரைத் தடுக்கவும் தயங்குகிறான்.

பன்னிரண்டு வயதுக்காரனுக்கு இந்த இரண்டையும் அடிபடாமல் எப்படிப் பழக்குவது? எதை முதலில் தொடங்கலாம்? முன்வரிசையில் நின்று தடுக்கும் லைன்மேன்களுக்குக் கால் நகர்த்தும் பயிற்சி தெரிந்தால் அதையும் எழுதுங்கள்.