ஆல்பம் ரெக்கார்டிங் போய் நாங்கள் பட்ட பாடு. உங்களுக்கும் இப்படி நடந்ததா?

பேஸ்காரன்:

நாங்கள் நான்கு பேர். டிரம்ஸ், கிட்டார், பாட்டு, பேஸ் கிட்டார் நான். கல்லூரி விழாக்கள், அடையாறு அன்வைண்ட் சென்டர், ஒருமுறை நண்பனின் அக்கா கல்யாண வரவேற்பு (இரண்டாவது பாட்டிலேயே பெரியவர்கள் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டார்கள்) என்று நான்கு வருடம் வாசித்தோம். சரி, எட்டுப் பாட்டு கையில் இருக்கிறது, ஆல்பமாகப் போட்டுவிடலாம் என்று கோடம்பாக்கம் பக்கம் ஒரு சின்ன ஸ்டூடியோவை மூன்று நாளைக்கு எடுத்தோம். இங்கிலாந்து ராக் குழு பீட்டில்ஸ் 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் பத்துப் பாட்டைப் பதிவு செய்தார்கள் என்று எங்கள் கிட்டாரிஸ்ட் அடிக்கடி சொல்வான். அவர்களுக்குப் பத்து, நமக்கு எட்டு, கையில் இரண்டு நாள் கூடுதல் வேறு. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

முதல் நாள் மாலை நான்கு மணி வரை ஒன்றும் பதிவாகவில்லை. டிரம்ஸில் ஸ்னேர் என்ற சின்ன டிரம்மை ஒரு தட்டு தட்டினால் "டொய்ங்" என்று ரீங்காரம் போய்க்கொண்டே இருந்தது. மேடையில் இத்தனை வருடம் எங்கள் யார் காதிலும் விழாத சத்தம், மைக்கைப் பக்கத்தில் வைத்ததும் அது மட்டும்தான் கேட்டது. தோலை இறுக்கி, தளர்த்தி, டேப் ஒட்டிப் பார்த்து, கடைசியில் இன்ஜினியர் அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து ஸ்னேர் மேல் விரித்தார். அடங்கிவிட்டது. பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோ ஸ்டாரும் அறுபதுகளின் கடைசியில் பாத்திரம் துடைக்கும் துணியை டிரம்ஸ் மேல் போட்டுத்தான் வாசித்தார் என்று அப்புறம் படித்தேன். முன்பே படித்திருந்தால் ஆறு மணி நேர வாடகை மிச்சமாகியிருக்கும்.

அடுத்து கிளிக். காதுக்குள் டிக் டிக் என்று ஓடும், அதற்கு வாசிக்க வேண்டும். எங்கள் பழைய மேடைப் பதிவு ஒன்றை அண்ணன் அளந்து பார்த்துவிட்டு, நிமிடத்துக்கு 120 தட்டில் தொடங்கி 131-இல் முடிக்கிறீர்கள் தம்பி என்றார். டிரம்மர் முகம் செத்துவிட்டது. கிளிக்குக்கு வாசித்தால் தாளம் சரியாக நின்றது, ஆனால் பாட்டு வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுப்பது போல இருந்தது. மூன்று டேக் ஆனதும் குச்சியை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனவன் ஒன்றரை மணி நேரம் வரவில்லை.

இதற்கிடையில் என் பேஸ் எனக்கே ஹெட்போனில் தாமதமாகக் கேட்டது. நான்தான் சொதப்புகிறேன், இத்தனை வருடமும் இப்படித்தான் வாசித்திருப்பேன் போல என்று மனதுக்குள் நொந்துகொண்டே இருந்தேன். பார்த்தால் கம்ப்யூட்டர் ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபர் 1024 சாம்பிளில் (ஒலித் துணுக்கில்) இருந்திருக்கிறது. வினாடிக்கு 44,100 சாம்பிள் ஓடும்போது அதுவே 23 மில்லிசெகண்ட். 128-க்கு இறக்கியதும் 3-க்கு வந்துவிட்டது, நானும் மனிதனானேன்.

மே மாதம் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். ஏசி சத்தம் மைக்கில் விழும் என்பதால் டேக் எடுக்கும்போதெல்லாம் அணைத்துவிடுவார்கள். உள்ளே வெக்கை ஏற ஏறக் கம்பி தளர்ந்து கிட்டார் சுருதி இறங்கும், டேக் முடிந்து ஏசி போட்டால் மறுபடி ஏறும். நாங்கள் வாசித்த நேரத்தைவிட சுருதி சேர்த்த நேரம்தான் அதிகம்.

இரண்டாம் நாள் ராத்திரி கிளிக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு நால்வரும் ஒரே அறையில் நின்றோம். கிட்டார் ஆம்ப் பாத்ரூமுக்குள், கதவிடுக்கில் தலையணை. டிரம்ஸ் மைக்கில் பாடகன் குரலும் விழும், பிறகு தனித்தனியாகத் திருத்த முடியாது, சம்மதமா என்று அண்ணன் கேட்டார். சம்மதம் என்றோம். டிரம்மரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாசிக்க முடிந்ததே, அதுதான் எல்லா வித்தியாசமும். அவன் தோள் ஏறும்போதே கோரஸ் வருகிறது என்று கைக்குத் தெரிந்துவிடும். மூன்றாவது டேக்கில் அமைந்தது. சிம்பல் அடங்கும்வரை நால்வரும் மூச்சுவிடாமல் நின்றோம்.

மொத்தம் நான்கு பாட்டுதான் தேறியது. மீதி நான்கு அப்படியே கிடக்கிறது.

லண்டன்வாசி:

அந்த ஒரே நாள் கதையைச் சொல்பவர்கள் பாதியை விட்டுவிடுகிறார்கள் நண்பரே. ஆல்பத்தில் 14 பாட்டு, நான்கு ஏற்கெனவே சிங்கிளாக வந்தவை, மீதிப் பத்துதான் அன்று எடுத்தது. ஆனால் அதற்கு முன் அவர்கள் ஹாம்பர்க் கிளப்புகளில் ராத்திரிக்கு ராத்திரி மணிக்கணக்கில் வாசித்துத் தேய்ந்தவர்கள். பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனனுக்கு அன்று சரியான ஜலதோஷம், மிட்டாயைச் சப்பிக்கொண்டே பாடினார். தொண்டையைக் கிழிக்கும் "ட்விஸ்ட் அண்ட் ஷௌட்"டை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தார்கள். முதல் டேக்தான் ஆல்பத்தில் இருப்பது. இரண்டாவது எடுக்கப் பார்த்தபோது குரலே இல்லை.

அதே நால்வர் 1969 ஜனவரியில் பாதி வெந்த பாட்டுகளோடு ட்விக்கன்ஹாம் படப்பிடிப்புத் தளத்தில் காலையிலேயே உட்கார்ந்தபோது என்ன ஆனது? பத்தாம் தேதி கிட்டாரிஸ்ட் ஜார்ஜ் ஹாரிசன் எழுந்து போய்விட்டார். சமாதானம் பேசி, சாவில் ரோவில் இருந்த சொந்த இடத்தின் நிலவறைக்கு மாறி, 22-ஆம் தேதி பில்லி பிரஸ்டன் கீபோர்டில் வந்து உட்கார்ந்த பிறகுதான் எல்லோரும் ஒழுங்கானார்கள். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அண்ணன் தம்பி சண்டை அடங்குமே, அது மாதிரி. 30-ஆம் தேதி மொட்டைமாடியில் வாசித்தார்கள்.

பீட்டில்ஸ் பதிவு செய்த ஆபி ரோடு ஸ்டூடியோவுக்கு நான் இரண்டு முறை போயிருக்கிறேன். உள்ளே விடமாட்டார்கள். வெளிச்சுவரில் உலகத்து மொழியெல்லாம் கிறுக்கிவைத்திருப்பார்கள், அவ்வப்போது வெள்ளையடித்துவிடுவார்கள், மறுபடி கிறுக்குவார்கள். நானும் தமிழில் என் பெயரை எழுதினேன், இரண்டாம் முறை போனபோது காணோம். என் சொந்த அனுபவம் இவ்வளவுதான்: ஆபீஸ் முடிந்து வெள்ளிக்கிழமைகளில் வாசிக்கும் எங்கள் குழுவில் சண்டை வரும்போதெல்லாம் ஒரு கீபோர்டு நண்பரைக் கூப்பிட்டுவிடுவோம். அவருக்குக் காரணம் தெரியாது. தயவுசெய்து யாரும் சொல்லிவிடாதீர்கள்.

மதுரைப் பாடகி:

பேஸ்காரத் தம்பி, டிரம்ஸுக்கு ஒரு நாள், கிட்டாருக்கு ஒரு நாள் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டு, காசும் நேரமும் தீர்ந்த பிறகு "அக்கா, நீங்க ஒரு அரை மணி நேரத்துல பாடிடுங்க" என்பார்களே, அந்த அக்கா நான்.

எங்கள் ஸ்டூடியோ டிரம்மர் வீட்டு மாடி அறை. சுவரெல்லாம் போர்வையும் மெத்தையும். ஆடி மாதம் பார்த்து நாள் குறித்தவர்களை என்ன சொல்ல? தெருமுனை அம்மன் கோவிலில் கூழ் ஊற்றுகிறார்கள், குழாய் ஸ்பீக்கர் நேராக எங்கள் ஜன்னலைப் பார்க்கிறது. ராத்திரி பன்னிரண்டு வரை காத்திருந்து பாடினேன். அப்படியும் ஒரு பாட்டில் எல்லாம் அடங்கி நான் மட்டும் பாடும் இடத்தில் உடுக்கைச் சத்தம் மெல்லிதாகக் கேட்கும். கேட்டவர்கள் எல்லாம் "அந்த உடுக்கை ஐடியா பிரமாதம்" என்கிறார்கள். நாங்களும் ஆமாம் என்று சொல்லிவிடுகிறோம்.

குரல் கனமாகக் கேட்க அதே வரியை இரண்டு தரம் பாடி ஒன்றன்மேல் ஒன்று அடுக்குவார்கள். லெனனுக்கு இது பிடிக்காதாம், அதனால்தான் 1966-இல் இஎம்ஐ இசை நிறுவனத்தின் இன்ஜினியர் கென் டவுன்சென்ட் டேப் மெஷினை வைத்தே ஒரு குரலை இரண்டாக்கும் வழியைக் கண்டுபிடித்தார். இப்போது அதற்கு ஒரு பட்டன் இருக்கிறது. நான் இரண்டு தரம் பாடுகிறேன். மூச்செடுக்கும் இடம் இம்மி மாறுகிறதே, அது பட்டனில் வராது.

டிரம்ஸ்காரன்:

மச்சான், 131 இல்லை, 128. அண்ணன்கிட்டயே கேட்டுப் பார்.

அப்புறம் நான் கோபத்தில் டீ குடிக்கப் போகவில்லை. வலது கையில் கொப்புளம் உடைந்து குச்சி வழுக்கிக்கொண்டே இருந்தது. சொன்னால் பதிவை நிறுத்திவிடுவீர்கள் என்று மெடிக்கல் ஷாப்பைத் தேடிப் போனேன், பக்கத்தில் இருந்த கடை மூடியிருந்தது.

அண்ணனின் துண்டு இன்னும் என் பையில்தான் இருக்கிறது. திருப்பிக் கொடுக்கப் போக வேண்டும். மீதி நான்கு பாட்டுக்கும் தேதி கேட்டுவிட்டு வரவா?