ரெண்டு ராத்திரி ஃபார்மலின்ல கெடந்தும் ஸ்பெசிமன் நடுவுல வேகாத மாதிரி இருக்கு, ஏன்?

லேப்_தம்பி:
டிஎம்எல்டி (லேப் டெக்னீசியன் டிப்ளமோ) முடிச்சு ஒரு சின்ன லேப்ல ஹிஸ்டோ (திசுவ வெட்டி பாக்குற) பக்கம் சேர்ந்து மூணு மாசம்தான் ஆகுது. சனிக்கிழமை வெளி ஆஸ்பத்திரியிலேர்ந்து ஒரு மாஸ்டெக்டமி (ஆபரேஷன்ல எடுத்த மார்பகம்) ஸ்பெசிமன் வந்துச்சு, டப்பால அமுக்கி வச்சு மேலாப்புல முங்குற அளவுக்கு ஃபார்மலின் (திசு அழுகாம கெட்டியாக்குற மருந்து) ஊத்தியிருந்தாங்க, திங்கக்கிழமை மேடம் வெட்டுனா வெளிய ரப்பர் மாதிரி கெட்டி, உள்ள கட்டி இருக்கிற எடம் கொழகொழன்னு. ஈஆர் பிஆர் (கட்டில ஹார்மோன் ரிசெப்டர் இருக்கான்னு பாக்குற ஸ்டெயின்) ரெண்டும் நெகட்டிவ், ஆனா வழக்கமா ஸ்டெயின் எடுக்க வேண்டிய பக்கத்து நார்மல் டக்ட்டும் (பால் குழாய்) எடுக்கல, அதனால மேடம் நம்ப மாட்டேங்குறாங்க. சீனியர் அண்ணன் இனிமே 10%க்கு பதிலா 20% போடலாம்ங்கிறார். சரியா வருமா?

பாரஃபின்_அக்கா:
வேணாம் தம்பி. அடுப்ப கூட்டி வச்சா தோசை வெளிய கருகி உள்ள மாவா இருக்கும்ல, அதே கதை. நாம 10%னு சொல்றதே கடையில வர்ற 37-40% ஃபார்மால்டிஹைடு ஒரு பங்கு, தண்ணி ஒம்போது பங்கு, அப்போ உண்மையில இருக்கிறது 4% கிட்டதான், அது போதும். பிரச்சினை ஆழம். ஆரம்பத்துல மணிக்கு சுமார் 1 மிமீதான் உள்ள போகும், போகப் போக அதுவும் கொறையும், இதுல கொழுப்பு வேற தண்ணிய விடாது. நடுவுக்கு மருந்து போய் சேர்றதுக்குள்ள அங்க திசு தானா அழுக ஆரம்பிச்சிரும். மார்பக ஸ்பெசிமன எடுத்து ஒரு மணி நேரத்துக்குள்ள 5-10 மிமீக்கு ஒரு வெட்டு போட்டு, நடுவுல காஸ் துணி வச்சு, திசு அளவுக்கு குறைஞ்சது 10 மடங்கு ஃபார்மலின்ல போடணும். ஈஆர், பிஆர், ஹெர்2க்கு (இதுவும் கட்டில பாக்குற ஒரு புரோட்டீன்) ஃபார்மலின்ல 6லேர்ந்து 72 மணி நேரம்தான் கணக்கு. அதுக்காக நீயா கத்திய எடுத்துறாத, மார்ஜினுக்கு (வெட்டி எடுத்த ஓரத்துக்கு) இங்க் போடாம வெட்டுனா அப்புறம் எந்த பக்கம்னே தெரியாது, டாக்டர் வெட்டட்டும்.

ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த கோர் பயாப்ஸி பிளாக் (ஊசில எடுத்த திசு இருக்கிற மெழுகு கட்டி) இருந்தா அதுல ஈஆர் பிஆர் போட்டு பாருங்க. ஊசி மாதிரி மெல்லிசு, நல்லா ஃபிக்ஸ் ஆகியிருக்கும்.

பழைய_மைக்ரோடோம்:
அக்கா சொன்னதோட இன்னொண்ணு, பஃபர் (ஆசிட் ஆகாம பாத்துக்கிற உப்பு) போடுறீங்களா இல்ல வெறும் பைப் தண்ணியா? பஃபர் இல்லாத ஃபார்மலின் நாளாக ஆக ஆசிட் ஆயிரும், ரத்தம் நெறைய இருக்கிற திசுல கருப்பு கருப்பா புள்ளி விழும், புதுசா வர்றவங்க அத மெலனின்னு (மெலனோமா கேன்சர்ல வர்ற கருப்பு நிறமி) நெனச்சு பயந்துருவாங்க. ஒரு லிட்டருக்கு ஃபார்மலின் 100 மிலி, டிஸ்டில்ட் வாட்டர் 900, சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 4 கிராம், டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். அவ்ளோதான், பெரிய செலவில்ல. கிளவுஸ் இல்லாம கைய விடாத, 1893ல ப்ளூம்னு ஒரு ஜெர்மன் டாக்டர் கிருமிநாசினியா சோதிக்கும்போது அவர் விரல் தோல் வெறச்சு போனத பாத்துதான் இது திசுவுக்கும் ஆகும்னே கண்டுபிடிச்சார் :)

நெறிகட்டி:
ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்) ஆளுங்களுக்கு இதையும் சொல்லி வைங்க, டிபி சந்தேகத்துல எடுக்கிற நெறிகட்டிய மொத்தமா ஃபார்மலின்ல போட்டுறாதீங்கன்னு. கிருமி செத்துரும், கல்ச்சர்ல ஒண்ணும் வளராது. பாதி சலைன்ல தனியா வரணும். கிட்னி பயாப்ஸி இம்யூனோஃபுளோரசன்ஸுக்கும் (ஒளிரும் சாயம் போட்டு பாக்குற டெஸ்ட்) அப்படித்தான். எங்க லேப்ல மாசத்துக்கு ஒண்ணாவது இப்படி வந்து மறுபடி ஊசி குத்த வேண்டியதா போகுது, பாவம் பேஷண்ட்.

லேப்_தம்பி:
நன்றி அக்கா, அண்ணா. பைப் தண்ணிதான் ஊத்திட்டிருந்தோம், மானம் போச்சு. கோர் பிளாக் வேற லேப்ல இருக்காம், மேடம் ஃபோன் பண்ணியாச்சு.